காற்று எங்கே போய் நிற்கும்?

இந்த வாரம் வெயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் உடல் உணரும் வெப்பம் அவதானம் செலுத்த வேண்டிய மட்டத்துக்குப் போகும் என்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் மறுபடி வந்திருக்கிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், இயன்றவரை நிழலில் ஆறுங்கள், முதியவர்களையும் பிள்ளைகளையும் கவனியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சரியான புத்திமதி. நிழலுக்கு எங்கே போவது?

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அடுத்து நான் எங்கே வருவேன் என்று தெரியும். சீற்றுக் கூரை. கிடுகுக்கும் மண்சுவருக்கும் பழகிய வன்னிச் சனம் 2009இல் போர் முடிந்த பிறகு முதலில் தறப்பாளுக்குள் கிடந்தது, பிறகு தகரக் கொட்டிலுக்குள், அதற்குப் பிறகுதான் வீட்டுத்திட்டத்துக் கல்வீட்டுக்குள் போனது. கல்வீடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் எழுதவில்லை. மாரியில் நனையாமல், பாம்புக்குப் பயப்படாமல் படுக்கிற சுகம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கூரை சீற்று, அதன் கீழே சீலிங் கிடையாது, சுவர் பதிவு, முற்றத்தில் ஒரு வேம்புகூட இல்லை. பகல் முழுக்கச் சீற்று தலைக்கு மேல் சூட்டைக் கக்கும். இரவில் சீற்று ஆறினாலும் சீமெந்துக் கல்லுச் சுவர் ஆறாது. படுத்த பிறகும் சுவர்ப்பக்கம் முதுகைத் திருப்பினால் வெக்கை அடிக்கும். வீட்டுத்திட்டக் காசோடு ஒவ்வொரு வளவுக்கும் நாலு மரக்கன்றும், அதற்கு இரண்டு வருசம் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் கொடுப்பனவும் சேர்த்திருந்தால் இன்றைக்கு அந்த மரங்கள் கூரைக்கு மேல் வந்திருக்கும். இதை எத்தனை தடவையும் எழுதுவேன்.

அந்தக் கூரைகளுக்குக் கீழே மனிதர் மட்டும் வேகவில்லை என்பதை இந்த வாரம் பார்த்தேன். கிளிநொச்சியில் கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோக்களை எடிட் பண்ணிக் கொடுக்கும் ஒரு தம்பியிடம் பழைய படங்கள் சிலவற்றை ஸ்கான் பண்ணப் போயிருந்தேன். வேலையில் கெட்டிக்காரன். நல்ல கணினியும் வைத்திருக்கிறான். ஆனால் வெயில் ஏறிய பிறகு ஒரு நீளமான வீடியோவை றென்டர் பண்ணப் போட்டால், கொஞ்ச நேரத்தில் புரொசசர் 95 பாகைக்குப் போய்விடுகிறது. அவனுடையது றைசன் 7000 வரிசை. அந்தச் சிப்புக்கு 95 பாகைதான் எல்லை, இன்டெலின் அண்மைக்காலச் சிப்புகள் பலவற்றுக்கு 100. எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். ஒரு மணித்தியாலத்து வேலை இழுபட்டுக்கொண்டே போகும். கலியாணக்காரர் போனுக்கு மேல் போன் எடுப்பார்கள்.

அதனால் காசு சேர்த்து, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாப் பக்கம் போய் ஒரு லிக்விட் கூலர் வாங்கி வந்திருந்தான். நான் போன நேரம் அதைப் பூட்டத்தான் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புரொசசருக்கு மேல் உட்காரும் உள்ளங்கையளவு உருண்டைத் தலை ஒன்று, அதன் அடியில் பளபளக்கும் செப்புத் தகடு. தகட்டின் உட்பக்கம் மயிரிழைத் தடிப்பில் வரிவரியாகச் சீவியிருக்கும். குட்டிப் பம்பும் பெரும்பாலும் அந்தத் தலைக்குள்ளேதான். அதிலிருந்து இரண்டு றப்பர் குழாய் புறப்பட்டு, இரண்டு ஃபான் பக்கத்தில் பக்கத்தில் பூட்டுகிற நீளமுள்ள தட்டையான றேடியேற்றர் ஒன்றுக்குப் போகும். புரொசசரின் சூட்டைச் செப்பு வாங்கித் தண்ணீரிடம் கொடுக்கும், தண்ணீர் அதை றேடியேற்றருக்குக் கொண்டுபோகும், ஃபான் அதைக் கேஸுக்கு வெளியே ஊதும், ஆறின தண்ணீர் திரும்பி வரும். எல்லாம் கொம்பனியிலேயே நிரப்பி அடைத்தது, நாங்கள் திறக்கத் தேவையில்லை.

அந்த நேரம்தான் பழைய மெக்கானிக் அண்ணை ஒருவர் உள்ளே வந்தார். எழுபது தாண்டினவர். பேத்தியின் சாமத்திய வீட்டு வீடியோ இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்க வந்தவர். மேசையில் கிடந்ததைக் கண்டதும் வீடியோவை மறந்துபோனார்.

"உதென்ன தம்பி, றேடியேற்றரே?"

"ஓம் ஐயா. கொம்பியூட்டருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு கதிரையை இழுத்துக் கிட்ட இருந்தார். றேடியேற்றரை வெளிச்சத்துக்குப் பிடித்துச் செதில்களுக்கு ஊடாகப் பார்த்தார். பெருவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தம்பி அதைக் கேஸின் அடித்தட்டில் பூட்டுவதாக இருந்தான். கீழேயிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும், மேலே றாமுக்கும் இடைஞ்சல் இல்லை என்பது அவன் கணக்கு. அண்ணை குழாய் போகிற வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"உதுக்குள்ள முட்ட முட்டத் தண்ணியே, இல்லாட்டிக் காத்தும் கிடக்கே?"

"கொஞ்சம் காத்து இருக்கும் ஐயா. சூடேறினால் தண்ணி பெருக்க இடம் வேணுமெல்லோ. வருசம் போகப் போகக் குழாயாலையும் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குறையும்."

"அப்ப அந்தக் காத்து எங்க போய் நிக்கும்?"

தம்பி பதில் சொல்லவில்லை. கேஸைக் குனிந்து பார்த்தான். றேடியேற்றர் அடியில் இருந்தால் முழு வட்டத்திலும் உயரமான இடம் புரொசசருக்கு மேலிருக்கும் பம்புத்தான். காற்று முழுக்க அங்கேதான் சேரும். பம்பு தண்ணீரைத் தள்ளாமல் காற்றைக் கடையும். முதலில் களகளவென்று சத்தம் கேட்கும், பிறகு பம்பு தேயும், கடைசியில் நின்றே போகும். கூலர் செய்கிற கொம்பனிகள் றேடியேற்றரைக் கேஸின் மேல்தட்டில் வை, பம்பை உச்சியில் விடாதே என்று சொல்வது இதற்காகத்தான். மேல்தட்டில் இருந்தால் காற்று றேடியேற்றரின் தலைமாட்டில் ஒதுங்கிக் கிடக்கும், பம்புக்கு எந்நேரமும் தண்ணீர்தான் வரும். கொம்பனிகள் அப்படி எழுதித் தருகிற துண்டுக் கடதாசியை அண்ணை வாசித்ததில்லை. லொறி றேடியேற்றரின் மூடி ஏன் உச்சியில் இருக்கிறது, டீசல் லைனில் காற்றுப் பிடித்தால் எந்த நட்டை இளக்கி எடுக்க வேண்டும் என்று அவருடைய விரல்களுக்குத் தெரியும். அது போதுமாயிருந்தது.

றேடியேற்றர் மேலே போனது. அதற்குப் பிறகு தம்பி அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் செய்தான். செப்புத் தகட்டில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்ரிக்கை உரித்தான். அதை உரிக்க மறந்துவிட்டு ஏன் சூடாகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புரொசசரின் நடுவில் ஒரு பயறளவு தேர்மல் பேஸ்ற் வைத்தான். இது என்னத்துக்கு என்று அண்ணை கேட்டார். இரண்டு தகட்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும், காற்று சூட்டைக் கடத்தாது, பசை அந்த இடத்தை நிரப்பும் என்றான். "வால்வை எவ்வளவு அரைச்சாலும் முழுக்க ஒட்டாது, அந்த மாதிரி" என்று தலையாட்டினார். தம்பி ஒரு திருகாணியை முழுக்க இறுக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். "மூலைக்கு மூலை. முதல் எல்லாத்தையும் கையால வை. பிறகு இதுக்குக் கொஞ்சம், அதுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம்." சிலிண்டர் ஹெட் இறுக்குகிற முறை அது. ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் மற்றப் பக்கம் தூக்கும், காஸ்கட் போகும். இங்கே காஸ்கட் இல்லை, ஆனால் தகடு ஒருபக்கம் சாய்ந்தால் பசை ஒதுங்கிவிடும்.

கடைசியாக ஒன்று கேட்டார். அதைத் தம்பி எதிர்பார்த்திருக்க மாட்டான். "அடியில செம்பு. றேடியேற்றர் அலுமினியம். ரெண்டுக்கும் ஒரே தண்ணி. ஒண்டையொண்டு தின்னாதே?" கூலருக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, துருப்பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் கிளைக்கோலும் கலந்தது என்று தம்பி சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு புளொக்கும் அலுமினிய ஹெட்டும் உள்ள எஞ்சினுக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, அது தின்ற ஹெட்டுகளைக் கழற்றிப் பார்த்த மனிதர்.

வெயிலை இத்தோடு விடுகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தக் கடையிலிருந்து வெளியே வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

தண்ணீரால் சூட்டை எடுப்பது வன்னிக்கு நேற்று வந்த வித்தை இல்லை. இரண்டு சில்லு உழவு மிசினான லான்ட்மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் பலவற்றின் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதற்குப் பம்பு இல்லை, ஃபான் இல்லை. சேற்றுழவு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதித்து வெண்புகையாக ஆவி போகும், உழுகிறவர் வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு ஊற்றிவிட்டுத் தொடர்ந்து உழுவார். பார்க்க முரட்டு வேலை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது சுத்தமான பௌதிகம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க நாலு கிலோயூலுக்குக் கொஞ்சம் மேலே போதும். கொதித்து நிற்கும் அதே லீற்றரை ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும். அவ்வளவு சூட்டையும் ஆவி எஞ்சினிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறது. எரிகிற டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வேலையாகும், மூன்றில் ஒன்று புகையோடு போகும், மிச்சம் தண்ணீரில் இறங்கும் என்பது எஞ்சின்காரரின் பருமட்டான கணக்கு. பத்துக் குதிரைவலு எஞ்சின் முழுப் பாரத்தில் உழுதால் ஏழு கிலோவாற்று தண்ணீருக்குள் வரும். ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஆவியாகும். தம்பியின் புரொசசர் முக்கி முக்கி வேலை செய்தாலும் நூற்றைம்பது வாற்றுச் சொச்சம்தான். அண்ணை கையாண்ட சூடு அதைவிட நாற்பது ஐம்பது மடங்கு.

வெளியுலகத்திலும் பெரிய கணினிகளின் கதை தண்ணீரோடும் வேறு திரவங்களோடும் சேர்ந்ததுதான். ஐ.பி.எம். 1960களிலேயே தன் பெரிய இயந்திரங்களுக்குள் தண்ணீர் ஓடவிட்டது. 1985இல் வந்த கிறே-2 கணினியின் சர்க்கியூட்டுகளை மின் கடத்தாத திரவம் ஒன்றுக்குள் அப்படியே அமிழ்த்தி வைத்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான சேர்வர்களுக்குள்ளும் குழாய்கள் நுழைந்துவிட்டன.

நான் சொல்ல வருவது மெக்கானிக் அண்ணையின் கைக்குள் இருக்கிற அடுத்த அடுக்கைப் பற்றி. 1990இலிருந்து 2002 வரை வன்னிக்குள் பெற்றோல் தடை, பற்றரி தடை, சீமெந்து தடை. மண்ணெண்ணெய் அளந்துதான் வரும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து அரைக்கண் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டார்கள். அதெல்லாம் கதை கதையாக எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சின் எப்படி ஓடியது என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஒரு குட்டிப் போத்தலில் பெற்றோல், அதிலிருந்து மெல்லிய ரியூப், காபரேற்றருக்கு ஒரு சீச்சு, உதை, ஓடத் தொடங்கினதும் மண்ணெண்ணெய். எங்களில் ஐம்பது வயது தாண்டிய எல்லோரும் அந்தப் புகையை மணந்திருக்கிறோம். ஏன் அப்படிச் செய்தார்கள், அதனால் எஞ்சினுக்கு என்ன நடந்தது, அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

அண்ணைக்குத் தெரியும். றென்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அதைத்தான் சொன்னார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல். எஞ்சின் சூடான பிறகும் அந்தச் சூட்டை இறங்க விடக்கூடாது. இறங்கினால் எரியாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து அடியிலிருக்கும் எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும், பெயரிங் போகும். தண்ணீர் ஓடுகிற எஞ்சின் என்றால் றேடியேற்றருக்கு முன்னால் மட்டை கட்டிச் சூட்டைப் பிடித்து வைத்தாராம். கொம்பியூட்டர்க்காரர் சூட்டைத் துரத்துகிற இடத்தில் இவர் சூட்டைக் காவல் காத்திருக்கிறார். அதேநேரம் கூடினாலும் ஆபத்து. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல அமுக்கம் தாங்காது, டக்கு டக்கென்று இடிக்கும், பிஸ்டனை உடைக்கும். அமுக்கத்தைக் குறைக்க ஹெட்டுக்குக் கீழே காஸ்கட்டை இரட்டையாகப் போட்டிருக்கிறார். ஒயில் கெட்டுவிட்டதா என்று பார்க்க டிப்ஸ்ரிக்கை இழுத்து, துளியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசி, மூக்கிடம் கொண்டுபோவார். அதைச் செய்து காட்டியபோது அவர் கையில் டிப்ஸ்ரிக் இல்லை, ஒயில் இல்லை, ஆனால் இரண்டு விரலும் அந்த வழுக்கலைத் தேடின.

அண்ணை சொன்ன இதே வித்தையில் 1949இல் பேர்குசன் கொம்பனி ரி.ஈ.டி. 20 என்று ஒரு உழவு இயந்திரம் விட்டது. பெற்றோலில் தொடங்கிச் சூடான பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுகிற எஞ்சின் அது. அந்த வகை உழவு இயந்திரங்களுக்கு அமுக்கம் குறைவு, றேடியேற்றருக்கு முன்னால் மறைப்புப் போட்டுச் சூட்டைக் காப்பதும் உண்டு. இங்கிலாந்தில் பொறியியலாளர்கள் வரைபலகை வைத்து, சோதனைச்சாலை வைத்துக் கண்டதை, எங்கள் மெக்கானிக்மார் தடைக்கு நடுவில், தலைக்கு மேல் விமானம் சுற்றுகிற நேரத்தில், கழற்றிப் பார்த்துப் பார்த்துத் தாங்களாகக் கண்டிருக்கிறார்கள். அந்த உழவு இயந்திரத்தைப் பற்றிப் புத்தகமும் கையேடும் இன்றைக்கும் வாங்கலாம். எங்களுடையதற்கு ஒரு கொப்பிகூட இல்லை.

எனக்கு இதில் கோபம் உண்டு. போரைப் பற்றி எழுதுவதற்கு நாங்கள் குறை வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் அந்தக் காலத்தில் சனம் உயிரோடிருந்ததற்கு இந்தக் கராஜ்களும் ஒரு காரணம். நெல்லுக்குத் தண்ணீர் இறைத்த மிசின் ஓடியது, ஆலை நெல் குத்தியது, காயப்பட்டவர்களை ஏற்றிய வாகனம் ஓடியது. ஓட வைத்தவர்களின் பெயர் எந்த நினைவு மலரிலும் இல்லை. இப்போது அவர்களுக்கு எழுபதும் எண்பதும். ஒவ்வொரு செத்தவீட்டோடும் ஒரு தொழில்நூல் போகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, ஜேர்மன் உதவியோடு கட்டின தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடைசி வருட மாணவர்களில் நாலு பேர், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு விடுமுறை. பரந்தனிலிருந்து மாங்குளம் வரை, அங்கிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று போய் ஒவ்வொரு பழைய கராஜாகக் கேட்டு எழுதலாம். இரட்டைக் காஸ்கட்டின் தடிப்பு என்ன, அமுக்கம் எவ்வளவு குறைந்தது, எந்த எஞ்சின் தாங்கியது, எது தாங்கவில்லை என்று அளந்து, படம் கீறி, சரியான ஆராய்ச்சியாகவே செய்யலாம். ஆசிரியர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இந்த வருடமே தொடங்குங்கள்.

தம்பி ஒருவரையும் பார்த்து நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையின் பழைய கராஜுக்குக் கமராவோடு போவதாகப் பேசிவிட்டான். அண்ணை ஒரு நிபந்தனை போட்டார்: தன்னை இருத்திக் கதை கேட்கக்கூடாது, ஒரு எஞ்சினைக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும், கழற்றிக் கழற்றித்தான் சொல்வார். புதிய கூலரோடு றென்டர் எண்பது பாகைக்குக் கீழே நிற்கிறது, பேத்தியின் வீடியோவும் முடிந்தது. கடை அறைக்குள் வெக்கை மட்டும் குறையவில்லை. றேடியேற்றர் சூட்டைக் கேஸுக்கு வெளியே தள்ளுமே தவிர, சீற்றுக்கு வெளியே தள்ளாது. அறை 35 பாகை என்றால் எந்தக் கூலரும் தண்ணீரை அதற்குக் கீழே கொண்டுபோகாது. முகட்டில் வெக்கை வெளியேற ஒரு துவாரம் விடச் சொல்லியிருக்கிறேன்.

முதல் ஞாயிறுக்கு ஒரு பழைய தண்ணீர் இறைக்கும் மிசின் தேவை, மண்ணெண்ணெயில் ஓடினதாக இருக்க வேண்டும். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, துருப்பிடித்து இறுகியிருந்தாலும் பரவாயில்லை. எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் எழுதுங்கள்: காபரேற்றரில் ஜெற்றை மாற்றினீர்களா, அதே ஜெற்றோடு ஓடினீர்களா, பிளக் எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்றித் துடைத்தீர்கள்? மிசின் கொடுக்கக்கூடியவர்கள் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லிவிட்டால் போதும், தம்பியே லான்ட்மாஸ்டர் பெட்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போவான்.